தேக்குச் சட்டம், சஜின் மார்பிள்: கல்லை எபாக்ஸி போட்டு ஒட்டலாமா?

யாங்கூன் வாசி:
6 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை செய்யக் கொடுக்கப் போகிறோம். டிசைனர் தந்த படத்தில் நடுவில் 20 மி.மீ. வெள்ளை மார்பிள் (மண்டலே பக்கத்து சஜின் மலைக் கல்), சுற்றிலும் மூன்றரை அங்குலத் தேக்குச் சட்டம். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. கல்லை எபாக்ஸியில் ஒட்டிவிட்டால் ஆடாது என்கிறார் ஆசாரி. மண்டலே குத்தோடோ பகோடாவின் கல்வெட்டுகளும் இதே சஜின் கல்தான், ஒன்றும் ஆகாது என்கிறார் கல் கடைக்காரர். நம்பலாமா?

உளிக்காரர்:
எபாக்ஸியைச் சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் கழுந்தில் போடச் சொல்லுங்கள், கல்லில் வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் மரத்தின் ஈரம் 17 சதவீதம் வரை ஏறும், வெயிலில் 12க்கு இறங்கும். அந்த 5 சதவீதத்துக்கு மூன்றரை அங்குலச் சட்டம் அகலத்தில் முக்கால் மி.மீ.க்கு மேல் உப்பும். கல் உப்பாது. இறுக்கமாக வைத்தால் சட்டம் கல்லை நெருக்கும், 45 டிகிரி மூலைகளும் திறக்கும்: மழையில் வெளிமுனை, வெயிலில் உள்முனை. ஏசி அறையென்றால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும்.

அதனால் நாலு பக்கமும் 3 மி.மீ. விடுங்கள். அடியில் கார்க் பட்டை, மேலே சிலிக்கான். இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை அங்கேதான் குடியிருக்கும். சட்டத்துக்கு நேர் இழைப் பலகையாக (மர வளையங்கள் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது) கேளுங்கள், அசைவு ஏறக்குறைய பாதியாகும். மீட்டர் வைத்துப் பார்த்து ஈரம் 12க்கு மேல் இருந்தால் வாங்காதீர்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, பசை பூசும் முன் தின்னரில் துடைக்க வேண்டும். பாலிஷ் அடிப்பக்கத்துக்கும் போட வேண்டும், மேல்பக்கம் மட்டும் போட்டால் பலகை வளையும்.

கல் பட்டறை:
சட்டம் போக கல் 65க்கு 29 அங்குலம், எடை 66 கிலோ. பர்மா வீசைக் கணக்கில் 40. மேலே பாரம் வைத்து மார்பிள் உடைவது அபூர்வம், அடியில் சமமில்லாமல்தான் உடையும். 16 அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று குறுக்குச் சட்டம், அதன்மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட், அதன்மேல் சாணுக்கு ஒரு பொட்டு சிலிக்கான். அவ்வளவு போதும், தேவைப்பட்டால் கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம். சிலிக்கானில் வினிகர் வாடை வந்தால் அது கல்லை அரிக்கும். அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகையிலும் சிலது எண்ணெய் கசிந்து வெள்ளைக் கல்லில் நிழல் விடும். வெட்டித் துண்டில் வைத்து ஒரு வாரம் பாருங்கள்.

கடைக்காரர் பேச்சு பாதிதான் சரி. குத்தோடோவின் 729 பலகைகளும் 13 செ.மீ. கனம், நிமிர்ந்து நிற்பவை. உங்களுடையது 2 செ.மீ., படுத்திருப்பது. வண்டியில் வரும்போதும் கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்துத் தூக்கினால் தன் எடைக்கே விரிசல் விடும்.

யாங்கூன் வாசி:
நன்றி. மூலை வெட்டு பற்றி ஆசாரியிடம் பேசுகிறேன். கல்லுக்குப் பளபளப்பு பாலிஷா, மங்கலா? கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்தால் கறை பிடிக்காதா?

கல் பட்டறை:
மங்கல் பாலிஷ். மொஹிங்காவில் (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) பிழியும் எலுமிச்சை, புளிக்குழம்பு இரண்டும் மார்பிளைத் தின்னும், அந்த இடம் பளபளப்பிழந்து வெளுக்கும். சீலர் எண்ணெயும் மஞ்சளும் ஊறுவதை மெதுவாக்கும், அமிலத்தைத் தடுக்காது. மங்கல் பரப்பில் அந்தத் தழும்பு கண்ணில் படாது, 400 நம்பர் ஈர உப்புத்தாளில் தேய்த்தும் சரிசெய்யலாம். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, காயவைத்துச் சுரண்டுங்கள். மஞ்சளுக்கும் வெற்றிலைக் காவிக்கும் அதே முறைதான், தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு.

உளிக்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. மேசை உயரம் 30 அங்குலம் என்றால், மேல்பரப்புக்கு அடியில் சுற்றி வரும் பட்டை மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. கல், பிளைவுட் கனமும் போக முழங்காலுக்குத் தரையிலிருந்து 25 அங்குலம் மிஞ்ச வேண்டும். படத்தில் ஐந்து போட்டிருந்தால் டிசைனர் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.