தனுஷ்கோடிப் புயல் நாடகம்: உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அங்கே இருந்தவர்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் சொன்னதை மட்டுமே வசனமாக வைத்து ஒரு நாடகம் செய்கிறோம். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது 60 தாண்டிவிட்டது. அதனால் தள்ளிப்போட மனமில்லை. 11 பேரின் பேச்சு, 14 மணி நேரப் பதிவு கையில் இருக்கிறது.

ஒரு பாட்டி, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், தம்பியின் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டார். முந்தானை நுனியைச் சுருட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுருட்டுகிறார். பதிவில் 40 நொடிக்கு வெறும் காற்றுச் சத்தம். எனக்கு அதுதான் நாடகத்தின் உயிர். மேடையில் அதை எப்படிக் கொண்டுவருவது? நடிகை அப்படியே செய்தால் அவர் துக்கத்தை நடித்துக்காட்டுவது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், பாம்பனிலிருந்து வந்த ரயிலை அலை அடித்துப்போனதை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாமா?

முதல் வாசிப்பு பேட்டி கொடுத்தவர்கள் முன்னால்தான். அவர்கள் வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிடுவோம்.

இப்படி நாடகம் செய்தவர்களும், ராமேசுவரம் பக்கத்துப் பேச்சைக் கேட்டு எழுதித் தரக்கூடியவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.