புதுப்பிப்பு: செங்கோட்டை ஹாட்ஸ்பாட்டில் மட், இமேப் சர்வர்

மட் (mutt) என்ற டெர்மினல் மின்னஞ்சல் நிரலை இமேப் சர்வரோடு (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்க உதவுவது) இணைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். இன்பாக்ஸ் மெதுவாகத் திறக்கிறது, பதில் எழுதி முடிப்பதற்குள் இணைப்பு அறுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

மெதுவாவது ஹெடர் கேஷ், அதாவது அஞ்சல் தலைப்புகளை நம் கணினியில் சேமித்து வைக்கும் வசதி, இல்லாததால். இயல்பில் அது அணைந்தே இருக்கும். திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைப்புகளையும் மட் சர்வரிலிருந்து இழுக்கும். முதலில் ஒரு டைரக்டரியை உருவாக்குங்கள், பிறகு மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் ஹெடர்_கேஷுக்கு (header_cache) அந்தப் பாதையைக் கொடுங்கள். டைரக்டரி இல்லாமல் பாதை மட்டும் கொடுத்தால் எல்லா ஃபோல்டருக்கும் ஒரே கேஷ் கோப்புதான்.

இணைப்பு அறுவதற்கு இமேப்_கீப்அலைவைப் (imap_keepalive) பாருங்கள். இணைப்பு உயிரோடிருக்க, மட் எத்தனை விநாடிக்குள் சர்வரைத் தொட வேண்டும் என்பதை அது சொல்லும். இயல்பு 300 விநாடி. சும்மா கிடக்கும் இணைப்பை மொபைல் நெட்வொர்க் அதற்குள் துண்டித்துவிடலாம். 60 வையுங்கள். செங்கோட்டையை அடுத்து, கேரளப் பக்கமுள்ள ஆரியங்காவு தாண்டும்போது ஐபி முகவரியே மாறிவிட்டால் இதுவும் காப்பாற்றாது, திரும்ப இணைக்கத்தான் வேண்டும்.

அஞ்சல் அனுப்ப: போர்ட் 465 என்றால் எஸ்எம்டிபிஎஸ் (தொடக்கத்திலிருந்தே மறையாக்கம்), 587 என்றால் எஸ்எம்டிபியும் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸும் (இணைந்த பிறகு மறையாக்கம்). மாற்றிப் போட்டால் போகாது.