பிளாட்டினத்தைத் தாண்டி உலோக மருந்துகள் எங்கே?

வேதிப்பித்தன்:
சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு 1978-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்புறம் கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின். மூன்றிலும் அதே பிளாட்டினம்தான். ருத்தேனியம், தங்கம், செம்பு என்று ஆய்வுக் கட்டுரைகள் மலையாகக் குவிகின்றன. நோயாளிக்கு வந்து சேர்ந்தது எது? ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச்செல்லை பிளீச்சிங் பவுடர்கூடக் கொல்லும்.

மருதாணி:
ஆர்சனிக் டிரையாக்சைடு நோயாளிக்கு வந்து சேரவில்லையா?

வேதிப்பித்தன்:
ஆர்சனிக் உலோகமே இல்லை, உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவில் நிற்கும் உலோகப்போலி.

மருதாணி:
சரி, போலி என்றே வையுங்கள். கவனிக்க வேண்டியது அது வேலை செய்யும் விதம். ஏபிஎல் என்ற ரத்தப்புற்றுக்குக் காரணமான பிஎம்எல்-ராரா புரதத்தையே பிடித்துச் சிதைக்கிறது. சிஸ்பிளாட்டின் அப்படியில்லை. ரத்தத்தில் குளோரைடு அதிகம் என்பதால் அங்கே பெரும்பாலும் சும்மா இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே தன் குளோரைடைக் கழற்றிவிட்டு டிஎன்ஏவில் உள்ள குவானின் என்ற பகுதியைப் பிடித்துக்கொள்ளும். நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காது. சிறுநீரகமும் காதும் அடிவாங்குவது சும்மாவா? இலக்கு தெரிந்து கட்டினால் வேறு உலோகமும் ஜெயிக்கும்.

பாமரன்:
ருத்தேனியத்தில் நாமி-ஏ என்ற மருந்து மனிதர்கள் மீதான சோதனை வரை போனதே, ஏன் நின்றது?

வேதிப்பித்தன்:
நுரையீரல் புற்றுக்கு ஜெம்சிடபின் என்ற இன்னொரு புற்று மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளால் தாங்க முடியவில்லை, பலனும் போதவில்லை. டைட்டானியமும் பரிசோதனைக்கு வந்து தோற்றதுதான்.

மருதாணி:
பல்லேடியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? பேடெலிபோர்ஃபின் பல்லேடியம் மருந்துதானே. ஊசியில் ஏற்றி, புரோஸ்டேட்டுக்குள் லேசர் ஒளி பாய்ச்சினால் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபடும். ஐரோப்பாவில் 2017-இல் அனுமதி.

வேதிப்பித்தன்:
அமெரிக்காவில் 2020-இல் மருந்து அனுமதி அமைப்பின் ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்தது. அந்த மருந்தும் ஆபத்து குறைந்த கட்டிகளுக்குத்தான். அப்படிக் கட்டி உள்ள நோயாளிகளில் பலருக்குக் கண்காணிப்பே போதும்.

மருதாணி:
சிஸ்பிளாட்டினின் புற்றெதிர்ப்பைக் கண்டுபிடித்த ரோசன்பர்க் 1965-இல் பாக்டீரியா மீது மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது புற்றுநோயைத் தேடவே இல்லை. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் செல்கள் பிரிவதைத் தடுத்தது. உங்கள் கணக்கில் அதுவும் வீண்வேலைதான்.

வேதிப்பித்தன்:
அவர் அத்தோடு நிற்கவில்லையே, எலிகளின் கட்டியில் சோதித்து 1969-இல் வெளியிட்டார். இன்று எலியையே தொடாத சேர்மத்துக்கு ‘சிஸ்பிளாட்டினைவிட வீரியம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், ஒப்பீட்டுக்கு வைத்த சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருப்பார்கள். அந்தக் கரைப்பானே அதனோடு வினைபுரிந்து வீரியத்தைக் குறைத்துவிடும். கையைக் கட்டிப்போட்டவனோடு மல்யுத்தம்!

மருதாணி:
அதை ஒப்புக்கொள்கிறேன். அது ஆய்வாளரின் குற்றம், ருத்தேனியத்தின் குற்றம் இல்லை.