பெர்சிஸ்டன்ட் மெமரி: நிலைநினைவகமா, உறைநினைவகமா?

வணக்கம். திங்கட்கிழமை லேப் குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும், பெர்சிஸ்டன்ட் மெமரி, அதாவது மின்சாரம் போனாலும் உள்ளதை மறக்காத நினைவகம், இதற்கான தமிழ்ச் சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கியூஎமுவில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஒரு மெய்நிகர் பொறி, அதற்குள் ஒரு என்விடிம் (இவ்வகை நினைவகப் பலகை), அதன்மேல் டாக்ஸ் எனும் நேரடி அணுகல் போட்டு ஏற்றிய எக்ஸ்டி4 கோப்பு முறைமை. உள்ளே கோப்பு எழுதினால் பேஜ் கேஷை (கோப்புகளுக்காக இயங்குதளம் வைத்திருக்கும் இடைக்காலப் பிரதி) தொடாமல் நேரே நினைவகத்துக்குப் போகும். ரீபூட் செய்தால் கோப்பு இருக்கிறது, பொறியை முழுதாக அணைத்துப் போட்டால் காணோம். போன வருடம் "அழியா நினைவகம்" என்று எழுதியிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "சார், அழியாதது எப்படி சார் அழிஞ்சுது?" என்று கேட்டுவிட்டாள். வேறு என்ன போடலாம்?

-----

> வேறு என்ன போடலாம்?

"நிலைநினைவகம்" போடுங்கள் தம்பி. வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்கிறது நன்னூல். நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் மூன்றும் உள்ளே அடங்கிவிடும். மின்சாரம் போவதற்கு முன்னும் பின்னும் இருக்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது? அப்புறம், "லேப்", "ரீபூட்" எல்லாம் எதற்கு? ஆய்வகமும் மறுதொடக்கமும் எங்கே போயின?

-----

> வினைத்தொகை.

அது உங்களுக்குத் தெரியும் ஐயா, பையனுக்குத் தெரியுமா? திடநிலை வட்டு (எஸ்எஸ்டி) என்று படித்தவன் இங்கேயும் "நிலை" என்றால் ஸ்டேட் என்றுதான் எடுத்துக்கொள்வான். நான் "உறைநினைவகம்" என்பேன். உறைதல் என்றால் தங்குதல்: உறைவிடம், உறையூர். பால் உறைந்தால் மறுபடி பாலாகுமா?

-----

தலையணை உறையும் உறைதான் அம்மா. போதாததற்கு, கணினி அசையாமல் நின்றால் "உறைந்துவிட்டது" என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறார்கள்.

-----

சொல் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். சார், உங்கள் கட்டளையில் மெமரி-பேக்கெண்ட்-ஃபைலுக்கு (பொறியின் நினைவகமாக ஒரு கோப்பைக் கொடுக்கும் அமைப்பு) ஷேர்=ஆன் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அது ஆஃப்தான். கெஸ்ட் (உள்ளே ஓடும் பொறி) எழுதுவது ஹோஸ்டில் (வெளியே உள்ள உண்மைக் கணினி) உள்ள கோப்புக்குப் போகாது, கியூஎமு தனக்கென்று வைத்திருக்கும் பிரதியில் நிற்கும். ரீபூட்டில் கியூஎமு சாவதில்லை, அதனால் எல்லாம் பத்திரமாக இருப்பது போலத் தெரியும். அணைத்தால் பிரதியோடு போச்சு. அணைத்த பிறகு ஹோஸ்டில் அந்தக் கோப்பின் எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்துப் பாருங்கள், துளியும் மாறியிருக்காது. சொல் விஷயத்தில் என் கட்சி, பெர்சிஸ்டன்ட் மெமரி என்றே விடுங்கள். இன்டெல் தன் பெர்சிஸ்டன்ட் மெமரியான ஆப்டேனைக் கைவிடுவதாக 2022இல் அறிவித்தாயிற்று, உங்கள் மாணவர்கள் தொடப்போவது இந்தப் போலி என்விடிம்மைத்தான். அதற்கு இவ்வளவு பெரிய பெயர்சூட்டு விழாவா?

-----

> எல்லாம் பத்திரமாக இருப்பது போலத் தெரியும்

"நில்லாதவற்றை நிலையின என்றுணரும்" என்று குறள் 331 சொல்வது இந்த ஷேர்=ஆஃபைத்தான் போலிருக்கிறது. நிலையாமை அதிகாரத்திலேயே வருகிறது பாருங்கள். நிலைக்கு இன்னொரு சான்று.

-----

ஷேர்=ஆன் போட்டேன், அணைத்து எழுப்பினேன், கோப்பு இருக்கிறது. நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் நிலைக்கு மூன்று, உறைக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. முதல் பக்கத்தில் மட்டும் "நிலைநினைவகம் எனும் பெர்சிஸ்டன்ட் மெமரி" என்று போட்டு, மற்ற இடங்களில் நிலைநினைவகம் என்றே அனுப்புகிறேன். "லேப்" அப்படியே இருக்கும், மன்னிக்கவும் ஐயா.

-----

உறையூரை யாரும் தலையணையூர் என்று படித்ததில்லை. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.