10 கிகாபிட் இணைப்பில் ஒரு கிகாபிட்கூட வரவில்லை: 100-க்குப் போகலாமா?

எங்கள் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி நாளுக்கு 4 டெராபைட் தரவைக் கொட்டுகிறது. தொலைவில் உள்ள கணினி மையத்துக்கு அனுப்ப 10 கிகாபிட் (நொடிக்கு) இணைப்பு இருக்கிறது. கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மூன்று மாதமாக 11 மணி நேரம் ஆகிறது.

போய்வரும் தாமதம் 90 மில்லிசெகண்ட். கட்டடத்துக்குள் ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் கருவி) 9.4 கிகாபிட் காட்டுகிறது. வெளியே கணினி மையம் வரை ஒற்றை ஸ்ட்ரீமில் (ஒரே டிசிபி இணைப்பில்) 0.8, ஒரே நேரத்தில் எட்டு ஸ்ட்ரீமில் 5. டிசிபி பஃபரை (அனுப்பும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தை) 256 மெகாபைட்டாக ஏற்றினேன், ஆப்டிக்ஸ், கேபிள் எல்லாம் மாற்றினேன். ஊஹூம். அனுப்பும்போதெல்லாம் நடுவில் நிற்கும் ஃபயர்வாலில் பாக்கெட் டிராப் (தொலையும் தரவுத் துண்டுகள்) மட்டும் ஏறுகிறது. (எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். பாதுகாப்புக் குழு ஒப்புக்கொள்ளவில்லை.)

அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு நுண்ணோக்கிகள் வருகின்றன, மொத்தம் நாளுக்கு 12 டெராபைட். ஒழுங்காக ஓடினால் இதே இணைப்பில் மூன்று மணி நேர வேலைதான். நிர்வாகமோ 100 கிகாபிட் வாங்கச் சொல்கிறது.

முதலில் ஃபயர்வாலைத் தொடாத சயின்ஸ் டிஎம்இசட் (பெரிய ஆய்வுத் தரவுக்கென்றே தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பாதை போடுவதா, நேராக 100-க்குப் போவதா?