இட்லித் தட்டில் தாள், கோபியில் சாயம்: பெங்களூரு உணவகச் சோதனைகளில் நீங்கள் கண்டது

அல்சூர்வாசி:
இட்லித் தட்டில் பிளாஸ்டிக் தாள் கூடாது என்று 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அறிவித்ததே, அதற்குப் பிறகு நடந்தது. நின்றுகொண்டே சாப்பிடும் கடை, பெயர் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அம்மா உள்ளே நுழையவும் மாஸ்டர் ஒரு ஈடு இறக்கவும் சரியாக இருந்தது. இட்லிகளைத் தள்ளிவிட்டு, இடுக்கியால் தாளின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். குழிகளின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, சூட்டில் குழைந்து தொங்கியது அந்தத் தாள். "துணி துவைக்க ஆள் கிடைப்பதில்லை மேடம்" என்றார் முதலாளி. அதைக்கூட விட்டுவிடலாம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "மேடம், ஆபீஸுக்கு நேரமாகிறது, வெந்த ஈட்டையாவது பார்சல் கட்டச் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் கெஞ்சினாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மர்பி டவுன்காரர்:
துணி என்றாலே சுத்தமா? நான் வேலை பார்த்த மெஸ்ஸில் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து மறுபடி விரிப்பார்கள். முந்தின நாள் மாவு இழைகளுக்குள் புளித்துக் கிடக்கும். சோதனைக்கு வந்தவர் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிய வேகம் எனக்கு மறக்காது. எண்ணெய் தடவிய வெறும் தட்டில் வார்த்தால் இரண்டுமே வேண்டாம். பார்சல் கேட்டவரை ஏன் திட்டுகிறீர்கள்? பசி.

சிவாஜிநகர் தம்பி:
2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிக்குத் தடை வந்தது. என் மச்சானுக்குத் தள்ளுவண்டி. அவர் வைத்திருந்த சிவப்புத் தூள் டப்பாவில் பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. கொட்டச் சொன்னார் அலுவலர். ஒரு சிட்டிகை ஒரு சட்டிக் காலிஃபிளவரைச் சிவக்க வைக்கும் தூள்; குடம் குடமாக ஊற்றியும் சாக்கடை தெருமுனை வரை சிவப்பாகவே ஓடியது. துணிச்சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததோ என்னவோ, யார் கண்டது? தூளை விற்ற மொத்தக் கடைப் பக்கம் எவரும் போகவில்லை. இப்போது காஷ்மீரி மிளகாய்தான் போடுகிறார். "வெளுத்திருக்கிறதே, பழசா?" என்கிறார்கள்.

கணக்கர், ராமமூர்த்தி நகர்:
என் அனுபவம் சிறியது. போண்டாச் சட்டியில் கருவியை விட்டு அளந்தார்கள், அளவு மீறியிருந்தது, எண்ணெயை அப்புறப்படுத்தினார்கள். ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். பொரிக்கும் எண்ணெயில் டி.பி.சி., அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கேடான பொருள்களின் அளவு, 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் வரம்பு. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடை அதற்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் கட்டாயம். கடைக்காரர்களே, மாதிரி எடுத்தால் பதறாதீர்கள். அதை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகம் அரசின் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும். இன்னொன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். தம்பியின் மச்சானும் கேட்டிருக்க வேண்டும்.

சிவாஜிநகர் தம்பி:
எதைக் கேட்பது ஐயா? மாதிரியே எடுக்கவில்லை என்கிறேன். கொட்டச் சொன்னார்கள், கொட்டினார். மாதிரி எடுத்திருந்தால் அந்த மொத்தக் கடையின் பெயராவது ஏட்டில் ஏறியிருக்கும்.