பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கலாமா?

பழையாறு:
கன்னியாகுமரி மாவட்டம் கடையாலுமூட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ரப்பரும் மரச்சீனி (மரவள்ளி) விளையும், அதாவது தோட்டமும், உண்டு. அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது, குழலின் வாய் வழியாக வெடிமருந்து நிறைக்கிற ஒற்றைக்குழல். அப்பாவுக்கு 72 வயது. உரிமதாரருக்கு 70 வயது தாண்டினாலோ, 25 வருடம் உரிமம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றிக்கொள் என்கிறார் அப்பா. எங்கள் பிள்ளைகளுக்கு எட்டு வயதும் நாலு வயதும். துப்பாக்கி வீட்டில் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்கிறாள் மனைவி. உங்கள் அபிப்பிராயம் என்ன?

மரச்சீனி:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், மாற்றிக்கொள். பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் ஒரு விளை முழுக்கக் கிண்டிப் போட்டுவிடும். உரிமத்தை ஒரு தடவை விட்டுக் கொடுத்தால் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாலும் திரும்பக் கிடைப்பது பாடுதான். எங்கள் வீட்டில் துப்பாக்கி சுவரில்தான் தொங்கியது. ஆறு பிள்ளைகள் வளர்ந்தோம். தொடாதே என்று அப்பா ஒரு தடவைதான் சொன்னார். ஒருத்தரும் தொடவில்லை.

குழித்துறை டீச்சர்:
தொடவில்லை என்று அப்பா நம்பினார், அவ்வளவுதான். 2001இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஓர் அறையில் கால் மணி நேரம் விட்டுவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். மேசை இழுப்பறையில் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கி. 48 பேர் இருந்த குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கி பற்றி ஏற்கெனவே புத்தி சொல்லப்பட்ட பிள்ளைகள். அந்த அப்பாக்களும் "ஒரு தடவைதான் சொன்னேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மரச்சீனி:
டீச்சர், அமெரிக்காக்காரன் இழுப்பறையில் பிஸ்டல் வைப்பான். நம்முடையது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மருந்து போட்டு, குத்தி, குண்டு போட்டு, மறுபடி குத்தி, கேப்பு (அடித்தால் பொறி தட்டுகிற சின்ன மூடி) வைத்தால்தான் வெடிக்கும். இத்தனையும் நாலு வயசுப் பிள்ளை செய்யுமா? பெரியவனுக்கே கை நடுங்கும்.

ரப்பர்காட்டான்:
அண்ணன் சொல்வது நிறைக்காத துப்பாக்கிக்குச் சரி. ஆனால் எந்த வீட்டில் அது நிறைக்காமல் இருக்கிறது? தோட்டா போடுகிற துப்பாக்கியில் மடக்கி உருவி எடுத்துவிடலாம். இதில் ஒரு தடவை குத்தி இறுக்கினால் சுட்டுத் தீர்க்கணும், இல்லையென்றால் திருகுக் கம்பி போட்டு நோண்டி எடுக்கணும். மருந்து விற்கிற விலைக்கு யார் சும்மா சுடுவார்? சாயங்காலம் நிறைப்பார்கள், பன்றி வராது. காலையில் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு "காலி" என்று மூலையில் சாத்துவார்கள். மருந்தும் ஈயமும் உள்ளேயே கிடக்கும்.

கேப்பு எங்கே இருக்கும்? தீப்பெட்டி, பீடிக்கட்டு கிடக்கிற அதே தட்டில் சின்ன டப்பாவில். தீபாவளித் துப்பாக்கியில் பொட்டு வைத்து விசையை இழுக்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மருந்து போட்டுக் குத்த வேண்டிய வேலையை ஏற்கெனவே நாம் முடித்து வைத்திருக்கிறோம். அவனுக்கு மிச்சம் கடைசி வேலை மட்டும்தான். டப்பாவில் இருக்கிற கருமருந்து வேறு கதை. அதற்குத் துப்பாக்கியே வேண்டாம், ஒரு தீக்குச்சி போதும்.

டல்லாஸ் தக்கலை:
நான் டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடமும் ஒரு பிஸ்டல் உண்டு, அதனால் டீச்சர் பக்கம் முழுசாகச் சேர மாட்டேன். ஆனால் அண்ணே, "அமெரிக்கா கதை" என்று தள்ளிவிடாதீர்கள். 2020இல் இந்த நாட்டில் ஒன்று முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி, சாலை விபத்தைவிட அதிகம். அதில் கொலையும் தற்கொலையும்தான் பெரும்பங்கு. தற்செயலாக வெடித்தது அவற்றோடு ஒப்பிட்டால் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தை மருத்துவர்கள் சங்கம் இங்கே சொல்வது: வைத்தே ஆகவேண்டுமென்றால் நிறைக்காமல் பூட்டு, தோட்டாவை வேறிடத்தில் தனியாகப் பூட்டு. துப்பாக்கிக்குப் பேர்போன டெக்சாஸில்கூட, 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி நிறைத்த துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டால் குற்றம். என் மகனை விளையாட அனுப்புமுன் அந்த வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுவேன். யாரும் கோபித்ததில்லை. ஊரில் இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

பழையாறு, பூட்டி வைக்க முடியுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை டீச்சர்:
துப்பாக்கி ஒரு பெட்டியில், மருந்து ஒரு பெட்டியில், கேப்பு இன்னொன்றில், சாவி வேறெங்கோ. ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்றி வந்தால் இதையெல்லாம் திறந்து, நிறைத்து, மழையில் விளைக்கு ஓடுவதற்குள் மரச்சீனி தீர்ந்திருக்கும். உபயோகப்பட வேண்டுமென்றால் நிறைத்துக் கைக்கெட்ட வைக்கணும், பத்திரம் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் உபயோகப்படாது. அப்புறம் எதற்கு?

இன்னொன்று. எடுத்துக்கொண்டு போனாலும் சுட முடியாது. தமிழக அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடணும். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். விவசாயி சுட்டால் வழக்கு.

மரச்சீனி:
அதுதான் எரிச்சலே! களியக்காவிளை தாண்டி அந்தப்பக்கம் கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்தே அனுமதி கொடுக்கிறது, உரிமத் துப்பாக்கிக்காரனை அழைத்துப் பன்றியைச் சுடுகிறார்கள். இங்கே வனத்துறைக்கு மனு எழுதிவிட்டுக் கூப்பிய கையோடு உட்கார்ந்திருக்கணும். நான் எங்கே சுடுகிறேன் என்றேன்? வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சத்தத்துக்கே ஓடும். அதையும் செய்யாதே என்றால் விவசாயத்தை விட்டுவிட்டு டல்லாஸ் போகவா?

ரப்பர்காட்டான்:
சத்தத்துக்கு ஓடுவது முதல் ரெண்டு வாரம். அப்புறம் பன்றி காது கொடுப்பதே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் சும்மா இருக்கிறோமே, அப்போது விளை என்ன ஆனது? போனவருடம் போலத்தான் போனது. கொஞ்சம் போனது, கொஞ்சம் மிஞ்சியது.

அப்பா பெயரில் உரிமம் இருக்கும்போதே துப்பாக்கியை உரிமமுள்ள ஆயுதக் கடையில் காப்புக்கு வைக்க வழியுண்டா என்று கேட்டுப் பார் தம்பி. பிள்ளைகள் பெரிசாகட்டும். உரிமமும் போகாது.

மேலாங்கோடு:
எல்லாரும் துப்பாக்கிக்கு அடித்துக்கொள்கிறீர்கள், ஏர்கன்னை யாரும் பேசவில்லை. 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் உரிமமே வேண்டாம். அணில் தேங்காயைக் கடிக்கிறது என்று வாங்கி, பத்து வயசுப் பையன் கையில் கொடுத்துத் தென்னை மூட்டில் நிறுத்துகிற வீடு எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. அந்தக் குண்டு கண்ணில் பட்டால் கண் போகும். மரச்சீனி அண்ணன் வீட்டில் உண்டா?

மரச்சீனி:
உண்டு. பையனுக்கு 13 வயசு, நான் கூட நிற்கும்போது மட்டும்தான். அதை இதோடு சேர்க்காதே.

குழித்துறை டீச்சர்:
நீங்கள் கூட நிற்காதபோது எங்கே வைக்கிறீர்கள்?

மரச்சீனி:
அவனுக்குத் தெரியாத இடத்தில்.

குழித்துறை டீச்சர்:
அலபாமா கிராமப்புறத்தில் இதையே கேட்டார்கள். வெளியான வருடம் 2006. என் பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரியாது என்ற பெற்றோரில் 39 சதவீதம் பேருடைய பிள்ளைகள், தெரியும் என்று தனியாகச் சொல்லிவிட்டார்கள். பழையாறு, உங்கள் அப்பா பூட்டித்தான் வைக்கிறாரா? சாவி எங்கே?

பழையாறு:
பத்தாயத்துக்குள், அதாவது நெல் போடுகிற மரப்பெட்டிக்குள், வைத்துப் பூட்டுகிறார் டீச்சர். மருந்தும் அதே பத்தாயத்தில்தான். சாவி எனக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மகனிடம் கேட்டேன். "தாத்தா ரேடியோவுக்குப் பின்னாடி" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

மரச்சீனி:
பூட்டை மாற்று. சாவியை இடுப்பில் கட்டிக்கொள். உரிமத்தை விடாதே.

குழித்துறை டீச்சர்:
குளிக்கப் போகும்போது?

ரப்பர்காட்டான்:
மருந்து டப்பாவை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்று தம்பி. துப்பாக்கி நிறைத்திருக்கிறதா என்று அப்பாவிடம் கேள். இல்லை என்றால் நம்பாதே, குத்துக்கம்பியைக் குழலுக்குள் விட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அவரையே காட்டச் சொல்.